நான் உயர்த்தாத கை

மட்டக்களப்பில் அது உயிர்த்த ஞாயிறு காலை. ஒன்பது மணி கடந்து சில நிமிடம். ரொறன்ரோவில் எங்களுக்கு அப்போது சனிக்கிழமை இரவே முடியவில்லை. 2019 ஏப்ரல் 20, பதினொன்றரை தாண்டியிருந்தது. விடிந்ததும் ஒன்ராறியோ ஏரிக்கரையில், ஸ்காபரோ மண்மேடுகளுக்குக் கீழே எங்கள் சபையார் கூடிச் சூரியன் எழும் நேரத்தில் ஆராதனை செய்வதாக ஏற்பாடு. கல்லறைக்கு இருட்டோடு போன பெண்களை நினைத்து ஆண்டுதோறும் செய்வது. அந்த முறை சாட்சி சொல்லவேண்டியவன் நான். இரண்டு வாரமாக யோசித்தும் சொல்வதற்கு ஒன்றும் வாய்க்கவில்லை. வெள்ளைச் சட்டைக்கு அயன் போட்டபடி, பழைய கதை எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நள்ளிரவுக்குச் சற்று முன் கைபேசி அடித்தது. தங்கச்சி முறையான ஒருத்தி.

"அண்ணா, சியோன் சபையில குண்டு வெடிச்சிட்டு. பிள்ளையக் காணல்ல."

பிள்ளைக்குப் பத்து வயது. காலையில் ஞாயிறு பள்ளிக்குப் போனவள். மூன்று மணித்தியாலம் கழித்து ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்தார்கள். உயிர் இருந்தது. இடது தோளில் இரும்புத் துண்டுகள் ஏறியிருந்தன. அதற்குள் கொச்சிக்கடை அந்தோனியார் கோவில், கட்டுவாப்பிட்டிய செபஸ்தியார் கோவில், கொழும்பு ஹோட்டல்கள் என்று செய்திகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. அந்த ஒரு நாளில் நாடு முழுவதும் இறந்தவர்கள் 260-க்கும் மேல். சியோனில் மட்டும் 31 பேர். அவர்களில் 14 பேர் பிள்ளைகள்.

நான் தூங்கவில்லை. விடியுமுன் ஏரிக்கரைக்குப் போனேன். காற்று முகத்தை அறுத்தது. எழுபது எண்பது பேர் கம்பளிகளைப் போர்த்திக்கொண்டு நின்றார்கள். பலருக்கு இன்னும் முழுச் செய்தி தெரியாது. நான் முன்னால் போய்ச் சொன்னேன். எங்கள் ஊர், எங்கள் சபை, என் மருமகள் ஆஸ்பத்திரியில் என்று சொன்னபோது குரல் உடைந்தது. அந்த அழுகை பொய்யில்லை. ஆனால் அந்த நேரத்தில் எல்லாக் கண்களும் என் மேலே இருந்தன. பெண்கள் விம்மினார்கள். என்னைப் பெரிதாக மதிக்காத ஒரு மூத்தவர் வந்து தோளைப் பிடித்துக்கொண்டார். அது எனக்குப் பிடித்திருந்தது. இந்த வாக்குமூலம் தொடங்கும் இடம் அதுதான்: பிள்ளைகள் செத்துக் கிடந்த அந்த நாளில், எனக்குச் சொல்வதற்குச் சாட்சி ஒன்று கிடைத்துவிட்டது என்று உள்ளே எதுவோ நிம்மதியடைந்தது.

அந்த வாரமே சியோன் பிள்ளைகளைப் பற்றிய ஒரு செய்தி உலகம் முழுவதும் பரவியது. அன்று காலை ஞாயிறு பள்ளியில் ஆசிரியை, கிறிஸ்துவுக்காக உயிரைக் கொடுக்க ஆயத்தமானவர்கள் யார் என்று பிள்ளைகளிடம் கேட்டிருந்தார். எல்லாரும் கையை உயர்த்தினார்கள். வகுப்பு முடிந்து வெளியே வந்த சிறிது நேரத்தில் குண்டு வெடித்தது. பிள்ளைகளை இழந்த அந்த ஆசிரியை தன் துக்கத்தோடு சொன்னது இது. சொல்வதற்கு அவருக்கு உரிமை இருந்தது.

எனக்கு இருக்கவில்லை. ஆனாலும் நான் சொன்னேன். ஸ்காபரோவில், மார்க்கத்தில், பிரம்டனில், வீட்டு ஜெபக் கூட்டங்களில், வாடகைக்கு எடுத்த பாடசாலை மண்டபங்களில், ஆங்கிலச் சபையார் போன பிறகு மத்தியானம் எங்களுக்குக் கிடைக்கும் ஆலயங்களில் சொன்னேன். வாலிபர் முகாமில் சொன்னேன். மிட்லண்டில் உள்ள மறைசாட்சிகள் திருத்தலத்துக்குக் கத்தோலிக்க நண்பர்களோடு பஸ்ஸில் போனபோதும் சொன்னேன். 1649-இல் அந்தப் பக்கத்தில் கொல்லப்பட்ட பிரேபூஃப் என்ற இயேசு சபைக் குருவைப் பற்றி ஒருவர் பேசி முடித்ததும், ஒலிவாங்கியை வாங்கி, 1544-இல் யாழ்ப்பாணத்து அரசன் சங்கிலி மன்னாரில் வெட்டுவித்த புதுக் கிறிஸ்தவர்களையும், 1752-இல் ஆரல்வாய்மொழி மலையில் சுடப்பட்ட தேவசகாயம் பிள்ளையையும் வரிசையாகச் சொல்லி, கடைசியில் என் மருமகளின் வகுப்புக்கு வந்து சேர்ந்தேன். பஸ் முழுக்க அழுதது.

சொல்லச் சொல்லக் கதை வளர்ந்தது. அவளுக்கு நான் ஒரு வெள்ளைச் சட்டை உடுத்திவிட்டேன். அவள்தான் முதலில் கையை உயர்த்தினாள் என்றேன். முகம் பிரகாசித்தது என்றேன். இதில் ஒன்றையும் யாரும் எனக்குச் சொல்லவில்லை. கூட்ட முடிவில் நானும் அதே கேள்வியைக் கேட்பேன்: உங்களில் யார் ஆயத்தம்? சூடேற்றிய மண்டபத்தில், வாசலில் கார்கள் நிற்க, எல்லாரும் கை உயர்த்துவார்கள். மேடையில் ஒலிவாங்கியோடு நின்ற என் கை ஒருநாளும் உயரவில்லை. கேட்பவன் உயர்த்தத் தேவையில்லை என்று இருந்துவிட்டேன். சேர்ந்த காணிக்கை ஒரு சதமும் குறையாமல் ஊருக்குப் போனது. அந்தக் கணக்குச் சுத்தத்தை வைத்து என்னை நான் நல்லவன் என்று நம்பிக்கொண்டேன்.

இனிச் சொல்லப்போவது இதைவிடக் கடினம்.

எங்கள் வீட்டுக்கு அருகே ஓர் இறைச்சிக்கடை இருக்கிறது. கடைக்காரர் காத்தான்குடிக்காரர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். ஊர் முறைப்படி காக்கா என்றுதான் கூப்பிடுவேன். மட்டக்களப்பிலிருந்து கல்லடிப் பாலத்தைக் கடந்து போனால் கொஞ்சத் தூரத்தில் அவருடைய ஊர் வந்துவிடும். பதினைந்து வருடமாக அவரிடம்தான் ஆட்டிறைச்சி வாங்கினேன். கிறிஸ்மஸுக்கு எங்கள் வீட்டுக் கேக் அங்கே போகும், ஹஜ் பெருநாளுக்கு அவர் வீட்டுச் சாப்பாடு இங்கே வரும். குண்டு வெடித்த மறுநாள் திங்கட்கிழமை வேலைக்குப் போகும் வழியில் அவர் கடையைத் தாண்டினேன். என்னைக் கண்டு மேலங்கியும் போடாமல் வெளியே ஓடிவந்தார். "தம்பி, உங்கட ஆக்களுக்கு ஒண்டுமில்லியே?" என்றார். மருமகளைப் பற்றிச் சொன்னேன். "அல்லாஹ்" என்று சொல்லி என் கையைப் பிடித்தார். இரண்டு கைகளாலும் பிடித்தார்.

நான் கையை இழுத்துக்கொண்டேன். வேலைக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

சியோனில் குண்டைக் கட்டிக்கொண்டு வந்தவன் காத்தான்குடிக்காரன். தாக்குதல்களின் தலைவன் சஹ்ரான் ஹாஷிமும் அந்த ஊர்தான். எனக்கு அது போதுமாக இருந்தது. சஹ்ரானைப் பற்றி முதலில் முறையிட்டவர்கள் காத்தான்குடி முஸ்லிம்களே. 2017-இல் அவன் ஆட்கள் அங்கே சூஃபிகளோடு மோதிய பிறகு அவன் ஊரில் இருக்க முடியாமல் தலைமறைவானான். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அந்தக் கடைக்குப் போவதை நிறுத்தினேன். சியோனின் மூத்த போதகர் ரோஷான் மகேசன் சில நாட்களிலேயே, குண்டு வைத்தவனையும் அனுப்பியவர்களையும் மன்னிக்கிறோம் என்று வெளிப்படையாக அறிவித்தார். என் பேச்சுகளில் அதையும் சேர்த்துக்கொண்டேன். சபையார் ஆமென் சொன்னார்கள். அதைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகும் வழியில், அந்தக் கடை இருக்கும் பக்கத்தைத் தவிர்த்து மற்றத் தெருவால் காரைத் திருப்பினேன்.

காக்காவின் வாப்பா 1990 ஓகஸ்ட் 3 இரவு, காத்தான்குடியில் தொழுகையில் நின்றபோது சுடப்பட்டவர். அன்று விடுதலைப் புலிகள் இரண்டு பள்ளிவாசல்களுக்குள் நுழைந்து, தொழுதுகொண்டிருந்தவர்களைச் சுட்டார்கள். இறந்தவர்கள் 100-க்கும் மேல். சிறு பையன்களும் அதில். நான் அப்போது மட்டக்களப்பில் வாலிபன். அடுத்த மாதம் சத்துருக்கொண்டானில் இராணுவத்தினர் எங்கள் சனத்தைப் பெண், பிள்ளை பார்க்காமல் கொன்று எரித்தார்கள். அதற்கு நாங்கள் அழுதோம். அந்த அழுகைக்குள் காத்தான்குடியைப் புதைத்துவிட்டோம். பயம் இருந்தது, உண்மை. வாய் திறந்தால் என்ன நடக்கும் என்று தெரியும். ஆனால் கனடாவுக்கு வந்த பிறகு எனக்கு என்ன பயம்? இருபது வருடத்துக்கு மேலாக இந்த நாட்டில் எந்தக் கூட்டத்திலும் எந்த ஜெபத்திலும் அந்தப் பள்ளிவாசல்களின் பெயரை நான் உச்சரித்ததில்லை. வணங்கிக்கொண்டிருந்தவர்களைக் கொன்றார்கள் என்று 2019-இல் நான் துடித்தபோது, எனக்கு இறைச்சி வெட்டித் தந்த மனிதர் இருபத்தொன்பது வருடமாக அதே துடிப்போடு இருந்திருக்கிறார். அவருடைய வாப்பாவின் பெயரைக்கூட நான் கேட்டதில்லை.

2021 ஜூன் 6 அன்று, இதே ஒன்ராறியோவில், லண்டன் நகரத்தில், மாலையில் நடக்கப் போன ஒரு முஸ்லிம் குடும்பத்தின் மேல் ஒருவன் வேண்டுமென்றே வாகனத்தை ஏற்றினான். மூன்று தலைமுறையில் நான்கு பேர் இறந்தார்கள். ஒன்பது வயதுப் பையன் ஒருவன் மட்டும் மிஞ்சினான். காக்காவின் கடைக்கு ஓடிப்போய் அவர் கையைப் பிடித்திருக்க வேண்டிய நாள் அது. போகவில்லை. இத்தனை நாள் போகாமல் இருந்துவிட்டு இப்போது எந்த முகத்தோடு போவது என்ற வெட்கம் அப்போது சேர்ந்துவிட்டது. வெறுப்பைவிட அந்த வெட்கம்தான் என்னை அதிகக் காலம் பிடித்து வைத்திருந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

எங்கள் வேதத் தமிழில் இரத்தசாட்சி என்கிறோம். கத்தோலிக்கர் மறைசாட்சி என்பார்கள். இரண்டிலும் சாட்சி இருக்கிறது. கிரேக்க மூலச் சொல்லுக்கும் முதல் பொருள் அதுவே: கண்டதைச் சொல்பவன். அரபியில் ஷஹீத் என்ற சொல்லும் அப்படியே. சாட்சி, உயிர் கொடுத்தவன் இரண்டும் அது. பள்ளிவாசலில் இறந்தவர்களுக்காகக் காத்தான்குடியில் ஓகஸ்ட் 3-ஐச் சுஹதாக்கள் தினம் என்று நினைவுகூருகிறார்கள். குண்டைக் கட்டியவனும் அதே சொல்லைத் தனக்கு எடுத்துக்கொண்டான் என்பதுதான் கொடுமை. நான் செய்ததும் அந்தச் சொல்லுக்குச் செய்த கேடுதான். என் கண்ணால் காணாததைக் கண்டதுபோலச் சொன்னேன். கண்ணால் கண்டதை, 1990-ஐ, சொல்லவே இல்லை.

2024 நவம்பரில் மருமகள் அழைத்தாள். வயது பதினைந்தாகிவிட்டது. என் பேச்சு ஒன்றை யாரோ யூடியூபில் போட்டு, அது வாட்ஸ்அப் வழியாகச் சுற்றி அவளிடம் போய்ச் சேர்ந்திருந்தது.

"மாமா, நீங்க பேசினத்தப் பாத்தன்" என்றாள். கோபம் இல்லாத குரல். "நான் வெள்ளச் சட்டை போடல்ல மாமா. பச்சை. முதல்ல உசத்தினது நான் இல்ல. பக்கத்தில இருந்தவ உசத்தினா, நானும் உசத்தினன். கேள்வி எனக்கு வடிவா விளங்கவும் இல்ல. வலது கையில கலர் பென்சில் இரிந்த, அதால இடது கையத்தான் உசத்தினன்."

நான் பேசவில்லை.

"அந்தக் கைய இப்ப தோளுக்கு மேல உசத்த ஏலா."

எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஐந்தரை வருடத்தில் அவளுடைய கையைப் பற்றி ஒருதடவையாவது கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

பிறகு கேட்டாள்: "உயிர்த்தெழும்பக்குள்ள இந்தக் கை சரியாகுமா மாமா, இல்லாட்டி இப்பிடியேதான் இரிக்குமா? பக்கத்தில இருந்தவக்கு முழு உடம்பும் திரும்ப வருமா?"

பக்கத்தில் இருந்தவள் அன்று இறந்த பிள்ளைகளில் ஒருத்தி.

வீட்டு வரவேற்பறையில், சோபாவில் உட்கார்ந்துகொண்டு, "இங்க சிக்னல் சரியில்லை மகள், பிறகு எடுக்கிறன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். ஐந்து மாதம் எடுக்கவில்லை. அவள் அழைத்தபோதும் எடுக்கவில்லை. அவளுடைய தாய் அனுப்பிய குரல்பதிவுகளைத் திறக்கவில்லை. சேவல் கூவுமுன் மூன்று தடவை மறுதலித்தவரைப் பற்றி நான் எத்தனை பிரசங்கம் செய்திருக்கிறேன்! அவராவது அன்றிரவே வெளியே போய் அழுதார்.

ஏன் ஓடினேன் என்று அந்த ஐந்து மாதமும் யோசித்தேன். உயிர்த்தெழுதலை நான் நம்பவில்லையா? நம்பினேன், ஆனால் அது எனக்குத் தேவைப்பட்டதே இல்லை. என் தாய் தகப்பன் வயதாகி, கட்டிலில், ஜெபத்தோடு போனார்கள். என் பிள்ளைகள் இங்கே பல்கலைக்கழகம் முடித்தார்கள். உயிர்த்தெழுதல் என் பேச்சின் கடைசி ஐந்து நிமிடம். அழவைத்தவர்களை ஆறுதலோடு வீட்டுக்கு அனுப்புவதற்கு அது உதவியது. ஒரு பிள்ளை தன் தோளைக் காட்டி, தன் தோழியின் உடம்பைச் சொல்லி, இதற்கு என்ன பதில் என்று கேட்டபோது, அந்த ஐந்து நிமிடத்துக்குள் ஒன்றும் இருக்கவில்லை. சரியாகும் என்றால் லேசாகச் சொன்னதாகிவிடும். வடு இருக்கும் என்றால் யாருக்கு அதைச் சொல்ல மனம் வரும்?

யோவான் எழுதியதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். உயிர்த்தவர் பூட்டிய கதவுக்குள் வந்து முதலில் காட்டியது கைகளையும் விலாவையும்தான். தோமாவுக்கும் அதையே காட்டினார். கல்லறையை வென்ற உடம்பில் அந்தக் காயங்களை மட்டும் ஏன் விட்டுவைத்தார் என்று நான் ஒருநாளும் நின்று யோசித்ததில்லை. காத்தான்குடியில் பள்ளிவாசல் சுவரைத் துளைத்த குண்டுகளின் தடங்களைப் பூசி மறைக்காமல் வைத்திருக்கிறார்கள் என்று காக்கா ஒருமுறை சொன்னது அப்போது நினைவுக்கு வந்தது. அன்று அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நெஞ்செலும்பை நீக்கி வெட்டுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

2025 ஏப்ரல் 19, சனி இரவு. ஆறு வருடத்துக்கு முந்திய அதே நேரத்தில், ஊரில் உயிர்த்த ஞாயிறு விடிந்த பிறகு, அவளை அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள். மன்னிப்புக் கேட்டேன். சிக்னல் நல்லாத்தான் இருந்தது என்றேன். "தெரியும் மாமா" என்றாள்.

அவளுக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: "கை சரியாகுமா எண்டு எனக்குத் தெரியாது மகள். அவருடைய கையில ஆணித்தடம் இருந்தது, அதை அவர் ஒளிக்கவில்லை. அதுக்கு மேல எனக்குத் தெரியாது. உன்ர சிநேகிதி எழும்புவாள் எண்டு நம்புறன். நம்பக் கஷ்டமா இருக்கு. ஆனா நம்புறன்."

கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பின்னால் ஆலய மணி அடித்தது. எந்த ஆலயம் என்று தெரியவில்லை.

"சரி மாமா. அப்ப அந்த வீடியோவ எடுத்திருங்க."

எடுக்கச் சொல்லி எடுப்பித்துவிட்டேன். கட்டுவாப்பிட்டியிலும் கொச்சிக்கடையிலும் இறந்த 167 கத்தோலிக்கரின் பெயர்களை விசுவாசத்தின் சாட்சிகளின் பட்டியலில் வத்திக்கான் சேர்த்திருக்கிறது என்று கர்தினால் மல்கம் ரஞ்சித் அறிவித்ததும் அந்த வாரந்தான். பெயர்களைச் சேர்த்தார்கள் என்பது எனக்கு ஆறுதலாக இருந்தது. நான் அத்தனை கூட்டங்களில் பேசியும் ஒரு பிள்ளையின் பெயரையும் சரியாகச் சொன்னதில்லை, தேவைப்படவில்லை. சபையில் ஒரு ஞாயிறு எழுந்து, நான் சொன்னவற்றில் எது என் கற்பனை, எது உண்மை என்று பிரித்துச் சொன்னேன். பலருக்கு அது பிடிக்கவில்லை. எழுப்புதலுக்குத் தடையாகப் பேசுகிறீர்கள் என்று ஒருவர் சொன்னார். இருக்கலாம். இப்போது என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிடுவதில்லை.

மே மாதம் ஒரு சனிக்கிழமை காலை அந்தக் கடைக்குப் போனேன். வாசலில் நின்று இரண்டு தடவை திரும்பினேன். உள்ளே ஆட்கள் நின்றார்கள். வரிசையில் நின்றேன். காக்காவின் தாடி முழுக்க நரைத்திருந்தது. என் முறை வந்ததும் நிமிர்ந்து பார்த்தார். என்ன வேண்டும் என்று கேட்பார், ஒரு கிலோ என்று சொல்லி, பிறகு மெல்லப் பேச்சைத் தொடங்கலாம் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்.

"தம்பி," என்றார், "அந்தப் பிள்ளைக்கு இப்ப எப்பிடி?"

ஆறு வருடம். ஒருமுறை, தெருவில் நின்று, அரை நிமிடத்தில் நான் சொன்ன பிள்ளை.

கையை உயர்த்த முடியாது என்றேன். மற்றப்படி நல்லாப் படிக்கிறாள் என்றேன். அவர் தலையாட்டினார். எனக்குப் பின்னால் ஒரு அம்மா பொறுமையில்லாமல் நகர்ந்துகொண்டு நின்றார். ஒத்திகை பார்த்ததெல்லாம் போய்விட்டது.

"காக்கா," என்றேன், "உங்கட வாப்பாட பேர் என்ன?"

அவர் கத்தியைப் பலகையில் வைத்தார். கையை ஏப்ரனில் துடைத்தார். இரண்டு முறை துடைத்தார். பிறகு பெயரைச் சொன்னார். அவருக்கு என்ன தொழில், அன்று இரவு தன்னையும் தொழுகைக்கு எழுப்பிப் பார்த்துவிட்டு, காய்ச்சல் என்று விட்டுப் போனது எல்லாம் சொன்னார். பின்னால் நின்ற அம்மாவும் நகர்வதை நிறுத்திவிட்டார். அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதலாமா என்று அவரிடம் இன்னும் கேட்கவில்லை.